தோளுக்கு இசைந்த காமிரா

காமிரா வாங்கப் புறப்படுகிறவர் கடையில் கேட்கும் முதற்கேள்வி 'எத்தனை மெகாபிக்சல்?' என்பதாகவும், அதற்கு விடை கிடைத்தவுடன் கேட்கும் இரண்டாவது கேள்வி 'எவ்வளவு தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும்?' என்பதாகவும் இருப்பது வழக்கம். நாள் முழுவதும் கால்நடையாகச் சென்று, கண்ணிற் படுவதை அவ்வப்போது படமாக்கிக்கொண்டு, மாலையில் தோள்வலியின்றி வீடு திரும்ப விரும்புகிறவர் அவ்விரண்டையும் சற்றே ஒத்திவைத்துவிட்டு, 'பாட்டரியும் லென்ஸும் சேர்ந்து எத்தனை கிராம்?' என்று கேட்பாராயின், கடைக்காரர் ஒரு கணம் விழித்தாலும், பின்னால் வரக்கூடிய தொல்லைகளில் பாதி அந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துபோகும்.

இந்நூல் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் வாய்க்கால் வரப்புகளையும் ஏரிக்கரைகளையும் மனத்திற் கொண்டு எழுதப்படுவதாகையால், இமயத்தில் ஏறுகிறவன் எடையைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம், பெயருக்கு ஒரு குன்றுகூட இல்லாத இந்தச் சமவெளியில் அதற்கென்ன அவசியம் என்று சிலர் வினவக்கூடும். மலையேறுகிறவன் மூச்சு வாங்க நிற்கிறான். நிற்கும் போதெல்லாம் சுமையை இறக்கி வைக்கிறான். சமவெளியில் நடப்பவனுக்கு அப்படி நின்றாகவேண்டிய நிர்ப்பந்தம் ஏதுமில்லாமையால், காலையில் ஊசுட்டேரிக் கரையில் தோளில் ஏறிய பை, வில்லியனூர்த் தேரடியையும் சங்கராபரணி ஆற்றையும் மங்கலத்தையும் கடந்து, நடுவே தமிழ்நாட்டு எல்லைக்குள் எங்கே புகுந்தோம், மறுபடி புதுச்சேரிக்குள் எங்கே வெளிப்பட்டோம் என்று நடப்பவனே அறியாத அந்த விசித்திரமான பூகோளத்தினூடே பாகூர் போய்ச் சேரும் வரையில் இறங்குவதேயில்லை. கடலண்டைப் பிரதேசமாதலால் வியர்வை உலர்வதும் இல்லை. கழுத்துப் பட்டை உராயும் இடத்தில் நண்பகலுக்குள் வேர்க்குரு கிளம்பிவிடும். பிறகு அன்றைய தினம் காமிரா பைக்குள்ளே போய்விடும், வெளியே வராது.

நெடுநடை என்பது நம்மவர்க்குப் புதிய விளையாட்டும் அன்று. ஆகஸ்டு 29இல் ஏறும் வேளாங்கண்ணிக் கொடிக்கு முன்பாகக் கடலூர்ச் சாலையில், கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் பக்கம் நின்று பார்த்தால், சென்னையிலிருந்தே நடந்து வருகிற காவியுடைப் பக்தர்கள் கூட்டம் கூட்டமாகப் போவதைக் காணலாம். அவர்களில் ஒருவரை நிறுத்திப் பையைத் திறந்து காட்டும்படி கேட்டால், மாற்றுடை ஒன்று, துண்டு ஒன்று, தண்ணீர் பாட்டில், மாத்திரை, செல்போன், அதன் சார்ஜர் என்பதற்கு மேல் அதில் ஏதும் இராது. அதற்குமேல் ஒரு சாமான் இருந்திருந்தாலும் அது மரக்காணம் வருவதற்குள் யாருக்காவது தானமாகப் போயிருக்கும். நெடுந்தூரம் நடந்து பழகியவர்களின் அனுபவ ஞானம் அந்தப் பையில் இருக்கிறது. அந்தப் பையில் இடம் பிடிக்கத் தகுதியுள்ள காமிரா எது என்பதே இந்த அத்தியாயத்தின் விசாரணை.

புகைப்படக்கலையின் சரித்திரத்தில் இந்த விசாரணை மிகப் பழமையானது. 1858ஆம் ஆண்டில், சென்னை மாகாணத்து அரசாங்கப் புகைப்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை முதலிய ஸ்தலங்களைப் படமெடுக்கச் சென்றபோது, ஏறத்தாழ ஓரடி அகலமும் ஒன்றேகால் அடி நீளமும் உள்ள மெழுகுக் காகித நெகட்டிவ்களையும், அவற்றைக் கொள்ளத்தக்க பெட்டிக் காமிராவையும், ரசாயனப் புட்டிகளையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாகப் பிடித்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடர்படமாக ஆக்கினார் என்றால், அந்த வண்டிச்சுமைக்குத் தக்க பலனை அவர் அடைந்தார் என்றே சொல்லவேண்டும். எனினும் வண்டி போகாத இடத்துக்கு அவருடைய காமிராவும் போகவில்லை.

அந்தத் தளையை அறுத்தவர் ஆஸ்துமா நோயாளி ஒருவர். ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் தொழிற்சாலையில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக், காட்டிலும் மேட்டிலும் நடந்துபோய்ப் படமெடுப்பதில் பிரியமுள்ளவராயினும், கண்ணாடித் தட்டுக் காமிராவைத் தூக்கிக்கொண்டு நடக்க அவருடைய மூச்சு இடங்கொடுக்கவில்லை. ஆகவே சினிமாப் பிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, சினிமாச் சட்டகம் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கிய 24க்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள நெகட்டிவைத் தரும்படியாக, சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு கருவியை 1914ஐ ஒட்டி உருவாக்கினார். அது லைக்கா என்ற பெயரில் 1925இல் லைப்சிக் சந்தையில் வெளியாயிற்று. இன்று 'ஃபுல் ஃபிரேம்' என்று கடைகளில் பெருமையோடு பேசப்படும் அளவு அந்த நடைப்பிரியர் வகுத்த அளவேதான். சுமையைக் குறைக்க ஏற்பட்ட ஒன்றின் பெயரால் இப்போது மூன்று கிலோவும் நான்கு கிலோவும் விற்கப்படுவது காலத்தின் வேடிக்கை. அந்த லைக்காவின் வழிவந்த காமிராவோடுதான், பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையே நம்பி உலகம் சுற்றிய பிரெஞ்சுக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம்பிடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் அரவிந்தர் மறைந்துவிட்டமையால் அப்படங்கள் நமக்குக் கிடைத்தது பெரும் பாக்கியம்.

இனிக் கணக்குக்கு வருவோம். நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் காணக்கூடிய உயர்தரச் சாதனங்களுக்கு உதாரணமாக நிக்கான் டி850ஐ எடுத்துக்கொண்டால், பாட்டரியும் கார்டும் சேர்ந்து அதன் எடை 1,005 கிராம். அதற்கு வழக்கமாகப் பொருத்தப்படும் 24-70 லென்ஸ் 1,070 கிராம். கூடவே வரும் 70-200 லென்ஸ் 1,430 கிராம். ஆக மூன்றரைக் கிலோ, பையையும் முக்காலியையும் சேர்க்காமலே. மண்டபத்தில் ஓரிடத்தில் நின்று, உதவியாள் ஒருவனோடு பணியாற்றுகிறவருக்கு அது தேவைதான். அவருடைய ஜீவனமும் அதில் இருக்கிறது. அந்தச் செட்டையே கடன் வாங்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் புறப்படும் ஆர்வமிக்க இளைஞர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்குவார், மறு ஞாயிறு தூக்குவார், மூன்றாவது ஞாயிறு மோட்டார் சைக்கிளில் போவார். மோட்டார் சைக்கிளில் போகிறவர் கண்ணுக்கு நாற்று முடியைத் தலையிற் சுமந்து வருபவளின் முகம் புலப்படுவதில்லை.

எடை குறையவேண்டும் என்றவுடன் புதிதாக வாங்கித்தான் ஆகவேண்டும் என்பது இல்லை. வீட்டில் கேனான் 1500டி போன்ற சாமான்யமான பழைய காமிரா ஒன்று உறங்கிக்கொண்டிருக்குமானால், அதன் எடை 475 கிராம்தான். அதில் எப்போதும் செருகியிருக்கும் ஜூம் லென்ஸை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, அதே கம்பெனியின் 24 மில்லிமீட்டர் தட்டை லென்ஸை, அதாவது 125 கிராம் எடையுள்ள, பிஸ்கட் போல மெல்லியதை, மாட்டிக்கொண்டால் 600 கிராமில் காரியம் முடிந்தது. செலவிலும் இதைவிடச் சிக்கனமான மார்க்கம் எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியில்லாத மிரர்லெஸ் வகையில் புதிதாக வாங்க வசதியுள்ளவர், கேனான் ஆர்50ஐ அதனோடு வரும் 18-45 ஜூமுடன் கொண்டால் 505 கிராம் ஆகும். தூரத்துக்கென 55-210 லென்ஸையும் சேர்த்தாலும் 775 கிராமுக்கு மேல் போகாது.

சென்சார் சிறுத்தால் லென்ஸும் சிறுக்கும் என்பது இவ்விஷயத்தில் அறியவேண்டிய முக்கியமான விதி. பர்னாக் வகுத்த அளவில் பாதி நீளமுள்ள 'மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்' என்னும் சென்சாரில், 300 மில்லிமீட்டர் லென்ஸ் 600 மில்லிமீட்டரின் நெருக்கத்தைக் காட்டும். ஆகவே ஒலிம்பஸ் மரபில் வந்த ஓ.எம்.-5 காமிராவை (414 கிராம்) 12-45 லென்ஸோடும் (254 கிராம்), 75-300 லென்ஸோடும் (423 கிராம்) சேர்த்து எடுத்துக்கொண்டாலும், மேற்சொன்ன கல்யாணச் செட்டின் ஒற்றை லென்ஸுக்குச் சற்றே கூடுதலான எடையில், 75-300 லென்ஸ் ஒழிய மற்றவை தூறலுக்கும் தூசிக்கும் அஞ்சாத ஒரு முழுத் தொகுதியே கிடைத்துவிடுகிறது. இருட்டில் படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் சற்று அதிகமாய்த் தோன்றும் என்பது அதன் குறை. பகலிலே நடக்கிறவருக்கு அது பெருங்குறை ஆகாது. ஆனால் எந்த வகையானாலும், பழுது நேர்ந்தால் அனுப்பவேண்டிய சேவை நிலையம் சென்னையிலா, பம்பாயிலா, கடல் கடந்தா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

சட்டைப்பைக் காமிராக்களில் ரிக்கோ ஜி.ஆர்.-3 என்பதற்கு ஒரு தனி இடம் உண்டு. 257 கிராம் எடை. பெரிய காமிராக்களுக்குச் சமமான ஏ.பி.எஸ்.-சி சென்சார், 28 மில்லிமீட்டருக்கு இணையான ஒரே லென்ஸ். அதன் தம்பியாகிய 3-எக்ஸ் 40 மில்லிமீட்டருக்கு இணையான பார்வை உடையது. ஒரு கையாலேயே எடுத்து, திறந்து, படம்பிடித்து, மறுபடி பையில் இட்டுவிடலாம். ஆயினும் தூசி புகாத அடைப்பு அதற்கு இல்லையாதலால், அறுவடை இயந்திரம் ஓடும் வயலில் பதர் பறக்கையில் அதை வெளியே எடுப்பது விவேகமன்று. மேலும் ஒருமுறை சார்ஜ் செய்தால் ஏறத்தாழ 200 படங்களோடு பாட்டரி கைவிட்டுவிடும்.

'செல்போன் இருக்க இவ்வளவும் எதற்கு?' என்பார்க்கும் பதில் சொல்லவேண்டும். இருநூறு கிராம் எடையோடு அது ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கிறது என்பதே அதன் தலையாய சிறப்பு. அன்றாட வாழ்வின் காட்சிகளுக்கு, நல்ல வெளிச்சத்தில், அது தாராளமாகப் போதும். அதில் திருப்தியடைபவர் இந்த அத்தியாயத்தை இங்கேயே மூடிவிட்டு அடுத்ததற்குப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. சித்திரை வெயிலில் அதன் திரையில் தம் முகத்தையன்றி வேறெதையும் காணமுடியாமல் தவித்தவர்களும், வியர்த்த கையிலிருந்து அதை வாய்க்காலுக்குள் நழுவவிட்டவர்களும், வழி கேட்கவும் வீட்டுக்குப் பேசவும் வேண்டிய பாட்டரியைப் படத்துக்கே செலவழித்துவிட்டு அந்திநேரத்தில் பஸ் நிறுத்தம் தேடியவர்களும் தொடர்ந்து படிப்பார்கள்.

எடைக்கு அடுத்தபடியாக யோசிக்கவேண்டியது பார்வையின் அகலம். எல்லாவற்றையும் அடக்கும் பெரிய ஜூம் ஒன்று இருந்தால் கவலையில்லை என்று தோன்றுவது இயல்பு; ஆனால் இந்தக் கிராமங்களில் நடந்துகொண்டே எடுக்கப்படும் படங்களில் மிகப் பெரும்பான்மை, ஃபுல் ஃபிரேம் கணக்கில், 28க்கும் 40 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட பார்வையிலேயே அடங்கிவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம். வில்லியனூர்ச் சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அக்கலையில் தேர்ந்த வி. கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அந்த மரபைச் சேர்ந்த குயவர் ஒருவரின் பட்டறைக்குள் நுழைந்தால், நான்கு முழம் அகலமே உள்ள கூரைக்கொட்டகையில், ஒருபுறம் பிசைந்த களிமண், மறுபுறம் காயும் குதிரைகள், நடுவே அவர். பின்னால் நகர இடமில்லை. நகர்ந்தால் குதிரையின் காது முறியும். 50 மில்லிமீட்டர் அங்கே முகத்தை மட்டுமே தரும், கைகளைத் தராது. 24க்குக் கீழே போனாலோ ஓரத்திலுள்ள பானை முட்டை வடிவத்தில் இழுபடும். 28 அல்லது 35 இருந்தால் உட்கார்ந்தபடியே விரல், களிமண், முகம் மூன்றும் ஒரே சட்டத்தில் வரும்.

வைகாசியில் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டம் வேறொரு வகையான பரீட்சை. பிரெஞ்சு கவர்னர்கள் வடம் தொட்ட சம்பிரதாயம் இன்று துணைநிலை ஆளுநரோடு தொடர்கிற அந்த விழாவில், வடத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே ஒருக்களித்து நிற்க இடம் கிடைத்தால் அதுவே அதிகம். அங்கே கையை உயர்த்தித் தலைக்கு மேலாகப் படமெடுக்கக்கூடிய எடை வேண்டும். மூன்று கிலோவை ஒரு கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஷட்டரையும் அழுத்தக்கூடியவர் வடம் பிடிக்கப் போகலாம். இதற்கு மாறாக, 1877ஐ ஒட்டி எழுந்த லூர்து மாதா ஆலயத்தின் முன்னேயுள்ள குளத்துக்கு எதிர்க்கரையில் போய் நின்றால் கோயிலும் அதன் பிரதிபிம்பமும் ஒன்றாய் வந்துவிடும். அகன்ற லென்ஸைத் தேடவேண்டியதில்லை.

பாகூர் மூலநாதர் கோயிலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். சோழர் கல்வெட்டுகளோடு, கன்னரதேவன் என்று கல்வெட்டுகள் குறிக்கும் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் காலத்துக் கல்வெட்டுகளும் காணப்படும் இக்கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. ஆகையால் முக்காலியை நிறுத்திப் படமெடுக்க முன்னனுமதி வேண்டும். கையிலே பிடித்தே எடுக்கவேண்டிய இடத்தில் இலேசான காமிராவின் அருமை தெரியும். கல்வெட்டைப் படமெடுப்பதில் லென்ஸைக் காட்டிலும் வெளிச்சம் முக்கியம்: உச்சிவெயில் சுவரில் நேராக விழுமானால் எழுத்துக்கும் கல்லுக்கும் பேதம் தெரியாமல் எல்லாம் வெளுத்துப்போகும், ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தேங்கி, கண்ணால் நேரே படிக்கமுடியாத வரிகூடப் படத்தில் தெளியும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், தெற்கு நோக்கிய சுவருக்கு அந்தப் பக்கவொளி காலையிலும் மாலையிலும் இயற்கையாகவே கிட்டும். மேகம் மூடியிருந்தால் ஐம்பது கிராம் எடையுள்ள சிறு டார்ச் ஒன்றைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து பிடிக்கச் சொல்லுங்கள். எழுத்து எடுப்பாய்த் தெரியவேண்டும் என்று சுண்ணத்தையோ மாவையோ கல்லில் தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஆயிரம் ஆண்டுச் சொத்துக்குச் செய்யும் அபசாரம். கையகலச் சிற்பங்களுக்கு மிக அருகிற் சென்று குவிக்கும் ஆற்றல் வேண்டும். மேலே சொன்ன 24 மில்லிமீட்டர் தட்டை லென்ஸ் 16 சென்டிமீட்டர் வரையிலும், ஜி.ஆர்.-3 அதனினும் நெருக்கமாக 6 சென்டிமீட்டர் வரையிலும் குவியும் என்பதால், தனியாக மாக்ரோ லென்ஸ் சுமக்கவேண்டியதில்லை.

சிறு காமிராவுக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. அது மனிதர்கள் விஷயத்தில். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணை நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலின் கரையில், நீண்ட லென்ஸ் மாட்டிய காமிராவோடு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். 'எந்த டி.வி. சார்? எப்போ காட்டுவாங்க?' என்று ஒருவர் வருவார். மழைக்காலமாயின் 'பயிர் சேதம் கணக்கெடுக்க வந்தீங்களா? எங்க பக்கமும் வந்து பாருங்க' என்று கையைப் பிடித்தே அழைத்துப்போவார் இன்னொருவர். அவர்களுடைய எதிர்பார்ப்பு நியாயமானது. அதை எழுப்பிவிட்டு நிறைவேற்றாமல் வருவதுதான் சங்கடம். கையடக்கமான காமிராவோடு போனால், 'ஊர் சுத்திப் பாக்க வந்திருக்காரு' என்று சொல்லிவிட்டு நடவைத் தொடர்வார்கள். அவர்களுடைய அனுமதியைக் கேட்பது எந்தக் காமிராவானாலும் அவசியம்.

பறவைப் பிரியர்கள் இதுவரை பொறுமையாக இருந்திருப்பார்கள். ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புள்ள ஊசுட்டேரியில் தன் எல்லைக்குட்பட்ட பகுதியைப் புதுச்சேரி அரசு 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. கார்த்திகை முதல் மாசி வரையில் அங்கே கூழைக்கடாவும், நத்தைகுத்தி நாரையும், நீலத் தாழைக்கோழியும், வலசை வரும் ஊசிவால் வாத்துகளும் கூடும்போது, 28 மில்லிமீட்டரோடு போய் நிற்பவருக்குத் தண்ணீரில் கடுகு சிந்தியதுபோல் ஏதோ தெரியுமே தவிர வேறொன்றும் கிட்டாது. பறவைக்கு நீண்ட லென்ஸ் வேண்டும். அதில் சமரசம் இல்லை. யானைகளையும் பறவைகளையும் கறுப்பு-வெள்ளையில் ஆராதித்த இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன், பல பாகங்களை ஒட்டுப்போட்டுத் தாமே அமைத்துக்கொண்ட காமிராவுக்கு அதன் கனத்தைக் கேலி செய்யும்படி 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரிட்டிருந்தார். அவர் அதைச் சுமந்தது ஒரே காரியத்துக்காக. நம்மில் பலர் இடறுவது பறவைப் பயணத்தையும் நெடுநடையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வதால்தான். பறவைக்கென்று ஒரு காலைப்பொழுதைத் தனியே ஒதுக்கி, பஸ்ஸில் போய், கரையில் ஓரிடத்தில் அமர்ந்து எடுத்துவிட்டு வாருங்கள். அன்று அரை கிலோ கூடினால் பாதகமில்லை. வில்லியனூரிலிருந்து பாகூருக்கு நடக்கும் நாளில் அந்த லென்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும். வழியில் பறவை வந்தால் கண்ணாரப் பார்த்து மகிழலாம்.

சுமக்கும் விதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. காமிராவோடு இனாமாக வரும் கழுத்துப் பட்டை கம்பெனியின் பெயரை ஊருக்குக் காட்ட ஏற்பட்டது; அதைக் கழற்றிவிட்டு, ஒரு தோளிலிருந்து எதிர்ப்புற இடுப்புவரை குறுக்காக விழும் அகலமான பருத்தி வாரை அணிவது நலம். சட்டைப்பைக் காமிராவாயின் மணிக்கட்டுக் கயிறே போதும். நடக்கும்போது காமிரா வயிற்றில் மோதி ஆடாமல் இருக்கவேண்டும். ஒவ்வோர் அடிக்கும் ஒரு மோதல் என்றால் நாள் முழுதும் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். முக்காலி வேண்டாம். அந்தியில் கை நடுங்குமாயின், காமிராவின் அடியிலுள்ள திருகுத்துளையில் ஒரு திருகாணியைப் பொருத்தி அதில் கட்டிய மெல்லிய கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு மேல்நோக்கி இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் பெருமளவு அடங்கும்; அந்தக் கயிற்றின் எடையை நிறுக்கத் தராசு கிடையாது.

மழையும் உப்பும் இந்தப் பிரதேசத்தில் காமிராவின் ஜன்ம விரோதிகள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்து கொட்டிய மழையையும், அதைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கத்து வயல்களிற் புகுந்ததையும் கண்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆனால் அத்தகைய பெருமழையைவிட, ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் விடாமல் நிற்கும் ஈரக்காற்றுதான் லென்ஸுக்குள் பூஞ்சையை வளர்ப்பது. சிலந்தி வலைபோல் கண்ணாடிக்குள் அது படர்ந்துவிட்டால் சுத்தம் செய்யும் கூலி லென்ஸின் விலையையே எட்டிப்பிடிக்கும். வீட்டில் தோல் உறைக்குள்ளும் துணிப்பைக்குள்ளும் காமிராவை மூடிவைக்காமல், காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நீலமாயிருந்த மணிகள் இளஞ்சிவப்பானால் வாணலியில் மிதமான சூட்டில் வறட்டி எடுத்து மறுபடி போடலாம். பயணத்தில் பால் கவரைப் போன்ற கனமான பிளாஸ்டிக் உறை இரண்டு போதும். நரம்பை, மணப்பட்டு, மூர்த்திக்குப்பம் கடற்கரைகளில் எடுத்துவிட்டு வந்தால், அன்றிரவே ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து வெளிப்புறத்தைத் துடைத்து, பிறகு உலர்துணியால் ஒற்றுங்கள். குளிர்சாதன அறையிலிருந்தோ பஸ்ஸிலிருந்தோ வெளியே வந்தவுடன் பையைத் திறக்காதீர்கள். அரைமணி நேரம் பொறுத்துத் திறந்தால் லென்ஸில் ஆவி படியாது.

உபரி பாட்டரி ஒன்று, கார்டு இரண்டு, லென்ஸ் துடைக்கும் துணி ஒன்று. மற்றவை வியாபாரிகளின் நலத்துக்காக விற்கப்படுபவை. யு.எஸ்.பி. கம்பியாலேயே சார்ஜ் ஆகும் காமிராவாகப் பார்த்து வாங்கினால், செல்போனுக்கென்று எடுத்துப்போகும் பவர்பாங்கே இரண்டுக்கும் உதவும்.

அன்றாடப் படங்களைப் பற்றித் தனியே எழுதவேண்டியதில்லை என்பது இந்த ஆராய்ச்சியின் பக்கப் பலன். நடைக்கு இசைந்த காமிரா, சந்தைக்கும், பள்ளிக்கூட வாசலுக்கும், வில்லியனூர் ரயில் நிலையத்துக்கும், 1954 அக்டோபர் 18இல் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த கீழூர் நினைவிடத்துக்கும் கூடவே வரும். பெரிய காமிரா விசேஷ நாட்களுக்காகக் காத்திருக்கும்; வருஷத்தில் அத்தகைய நாட்கள் மிகச் சொற்பம்.

காமிரா, லென்ஸ், உபரி பாட்டரி, உறை, வார் யாவும் சேர்ந்து 800 கிராமுக்குள் அடங்கவேண்டும் என்பது இந்நூலின் சிபாரிசு. இதை ஏற்பதா, ஒரு கிலோவோ இரண்டு கிலோவோ சுமக்க உங்கள் தோள் சம்மதிக்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே அறிய ஒரு வழி இருக்கிறது. வாங்க உத்தேசித்திருக்கும் சாதனங்களின் எடையைக் கம்பெனியின் விவரப் பட்டியலில் பார்த்துக் கூட்டி, அதே எடைக்கு மளிகைக் கடையில் அரிசி நிறுத்து வாங்கி, ஒரு துணிப்பையில் இட்டு, வாரில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, வில்லியனூர்த் தேரடியிலிருந்து காலை ஆறு மணிக்குப் பாகூர் நோக்கி நடந்து பாருங்கள். மங்கலம் தாண்டும்போது அரிசியைக் கொட்டிவிடலாமா என்று தோன்றினால் எடையைக் குறையுங்கள். தோன்றாவிட்டால் திங்கட்கிழமை கடைக்குப் போங்கள்.